அலைமறித்தானுக்குப் பதினைந்து நாள் துதி

பால்பிடி மாதம், 1

கரிப்புமுனைக்கு வந்து சேர்ந்தேன். படகில் அரை நாள். வேறு வழி கிடையாது.

முதலில் இடத்தைப் பதிவு செய்கிறேன். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் சதுப்பு. நடுவில் அறுபது வீடு, முந்நூற்று நாற்பது வயல். வயல்கள் கடலைவிட ஓர் ஆள் உயரம் பள்ளத்தில் இருக்கின்றன. இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு மண்வரப்பு. கல் இல்லை, கட்டை இல்லை, வெறும் மண். நியாயப்படி இது ஒரு மழைக்குக்கூடத் தாங்கக் கூடாது. தாங்குவதற்குக் காரணம் உள்ளே குடியிருக்கும் தெய்வம். நான் படித்த துதிப்பள்ளியின் பதிவேட்டில் பெயர் அலைமறித்தான். ஏழாம் தரம், காவல் வகை. ஊரார் வைத்த பெயர் தூங்கன்.

பதிவேட்டில் ‘இதுவரை செய்த துதி’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. இருநூறு வருடமாக அப்படியே. அதைச் சரிசெய்யத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். துதி பெறாத தெய்வம் எப்போது வேண்டுமானாலும் இடத்தைக் காலி செய்துவிடும் என்பது முதல் வருடப் பாடம். வடக்கே சுணங்கிக் கிடந்த மழைத்தெய்வத்துக்கு நாலு துதி சொன்னேன், மறுநாள் ஏரி நிறைந்தது. எலிகளை மேய்க்கும் தெய்வத்துக்குக்கூட முறையான துதி நடக்கிறது. இங்கே மட்டும் இல்லை.

உப்புக்கோலை வயலில் சொருகிப் பார்த்தேன். மூன்று. இந்தக் கோல் மலைக்குள்ளர்கள் செய்தது. மந்திரம் கலக்காத கருவி, அதனால் பொய் சொல்லாது. மொத்தம் பத்துக் கோடு. ஒன்பதைத் தொட்டால் நெல் செத்துவிடும். துதியே இல்லாமல் மூன்று என்றால், துதியோடு ஒன்றுக்குக் கொண்டுவரலாம்.

மாலையில் வரப்பின் மேல் ஒருவன் நின்று கத்திக்கொண்டிருந்தான். உடும்பன் என்று பெயர், வரப்பு வேலை ஆள், என் வயதுதான் இருக்கும்.

“ஏண்டா தூங்கமூஞ்சி, மேக்கு மூலையில நண்டு வளை போட்டுருக்கு. உனக்குக் கண்ணு இருக்கா, இல்ல அதையும் நண்டு தின்னுடுச்சா? என் வயலு கரிச்சுதுன்னா உன்னை மண்வெட்டியால கொத்தி வாத்துக்குப் போட்டுடுவேன். எந்திரிச்சுப் போயி அடை.”

ஒரு காவல் தெய்வத்திடம் பேசும் பேச்சு இது. தொப்பென்று ஓர் ஈர மண்கட்டி எங்கிருந்தோ வந்து அவன் முதுகில் விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். “காதுல விழுந்துடுச்சு” என்றான். என்னைப் பார்த்து, “நெட்டைக்கொக்கு மாதிரி வழியில நிக்காதீரு” என்றான்.

திரும்புவதற்குள் என் முதுகிலும் ஒரு கட்டி. சுற்றிலும் ஆள் யாரும் இல்லை. ஏழாம் தரத் தெய்வத்துக்குப் பொருளை எறியும் ஆற்றல் பதிவேட்டில் குறிக்கப்படவில்லை. எனவே யாரோ ஒளிந்திருந்து வீசியிருக்கிறார்கள். சட்டை பாழ்.

பால்பிடி, 2

காலையில் ஊரை வரப்பில் கூட்டினேன். வரப்பு வேலைக்குத் தலைவி வேண்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது எதிரே நிற்பவரைப் பார்க்காமல் தன் மண்வெட்டியைப் பார்ப்பாள். எனக்குத் தன் படகுக் கொட்டகையைத் தங்கக் கொடுத்திருப்பவளும் இவள்தான்.

இனி யாரும் தெய்வத்தைத் திட்டக் கூடாது என்றேன்.

“ஏன் அளவுக்காரரே?”

“திட்டினால் அதன் பலம் குறையும்.”

“அவன் பலத்தை நீங்க பாத்தீங்களாக்கும்.”

“கோல் வைத்துப் பார்த்தாயிற்று. என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.”

அதற்கு மேல் விவாதிக்க நேரமில்லை. துதிச்சுருளைப் பிரித்துப் படித்தேன். ‘அலைமறித்தானே, அறுபது வீட்டுக்கும் அரணே, உன்னைப் போல் ஒருவர் இல்லை, உன் உழைப்பை எந்நாளும் மறவோம்.’ உச்சரிப்பு பிசகவில்லை. என் மணிக்கட்டில் இருக்கும் பள்ளி முத்திரையின் மூன்று வளையங்களும் பச்சையாக ஒளிர்ந்தன. முறை சரி என்பதற்கு அதுதான் சாட்சி.

மூன்றாவது வரியில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். உடும்பன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். பெண்கள் கொண்டையை அவிழ்த்தார்கள். நாற்பது தெய்வங்களுக்குத் துதி சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு பக்தியைப் பார்த்ததில்லை.

வேண்மாள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். “நெசமாத்தானா?”

“நிச்சயமாக. இன்றிலிருந்து பதினைந்து நாள், தினமும் காலையில் சொல்ல வேண்டும்.”

“எங்களுக்கும் பதினஞ்சுதான். பதினாறாம் நாள் வேலையை நாங்க பாத்துக்குறோம்.”

பதினாறாம் நாள் என்ன வேலை என்று கேட்கவில்லை. விருந்தாக இருக்கும். இவ்வளவு சுலபமாக ஒத்துழைத்த ஊர் வேறு இல்லை.

பால்பிடி, 4

கோல்: மூன்று.

சோற்றில் உப்பு இல்லை. குழம்பிலும் இல்லை. வேண்மாளிடம் கேட்டால், “பதினஞ்சு நாளைக்கு அப்படித்தாங்க” என்கிறாள். கடலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு உப்புக்குப் பஞ்சம்.

பால்பிடி, 6

கோல்: நான்கு.

ஒரு கோடு ஏறுவது பெரிய விஷயமில்லை. அமாவாசைக் கடலேற்றம், அதாவது ஓதம், இப்போதுதான் கழிந்தது; கடல் மட்டம் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். ஆனாலும் துதியைக் காலை, மாலை என்று இரண்டு வேளையாக்கினேன்.

என்னை எரிச்சல்படுத்துவது வேறு. வரப்பு ஆட்கள் வேலை செய்வதில்லை. மண்வெட்டிகளை வரிசையாகச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை முழுவதும் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். உடும்பனைக் கூப்பிட்டு மேற்கு மூலை நண்டு வளைகளைக் காட்டினேன். மொத்தம் ஐந்து.

“பாத்தேனுங்க” என்றான்.

“பார்த்தால் போதுமா? அடைக்க வேண்டாமா?”

“இனிமே எதுக்குங்க அதெல்லாம்” என்றான், தாழ்ந்த குரலில், மரியாதையாக. ஐந்து நாளைக்கு முன்னால் என்னைக் கொக்கு என்றவன்.

துதி ஆரம்பித்த பிறகு மண்கட்டி எறிவது நின்றுவிட்டது. வீசிய ஆளுக்குப் புத்தி வந்திருக்கிறது.

பால்பிடி, 8

கோல்: ஐந்து. அறிக்கையில் நாலரை என்று எழுதினேன். கோடு சரியாகத் தெரியவில்லை.

அஞ்சல் கொக்கு பள்ளியின் பதிலைக் கொண்டுவந்தது. ‘முறை சரியே. அளவை மும்மடங்காக்குக. பொதுச் சுருள் போதாதாயின் இடத்துக்கேற்ற துதி இயற்றுக.’

இயற்றினேன். மத்தியானம் முழுக்க வரப்பில் நடந்து தகவல் சேகரித்தேன். கேட்டதற்கெல்லாம் ஊரார் தயங்காமல் சொன்னார்கள். பெரும்புயல் வருடத்தில் ஏழு நாள் ஓதத்தை நிறுத்தியது. கிழக்கு மதகு உடைந்தபோது விடியும்வரை தண்ணீரைச் சுவர்போல் நிற்கவைத்தது. எல்லாவற்றையும் கோத்து மாலையில் சொன்னேன். நன்றாக எழுதியிருந்தேன் என்று எனக்கே தெரிந்தது. ஊர் முழுக்க வாய்விட்டு அழுதது. உடும்பன் நெற்றியை வரப்பில் வைத்துக்கொண்டு எழவே இல்லை.

மக்களிடம் துதி வேலை செய்கிறது. தெய்வத்திடம்தான் இன்னும் தெரியவில்லை.

வேண்மாள் வீட்டுக் கதவு கீல் உடைந்து தரையில் இழுபட்டது. கொட்டகைவரை சத்தம் கேட்கிறது, வேலை கெடுகிறது. கழற்றிச் சரிசெய்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பால்பிடி, 9

கோல்: ஐந்தரை. மூன்று வேளை துதி.

பால்பிடி, 10

கோல்: ஆறு. நெல்லின் நுனி மஞ்சளாகிறது. பால் பிடிக்கும் நேரத்தில் உப்பு ஏறினால் கதிர் பதராகிவிடும், விதைக்குக்கூட ஆகாது. இந்த ஊருக்கு வேறு நிலம் இல்லை, வேறு நெல்லும் இல்லை. இந்த உவர்மண்ணில் முளைப்பது இது ஒன்றுதான். பயிர் போனால் அறுபது வீடும் படகில் ஏற வேண்டியதுதான்.

காலையில் பொறுமை போய், மண்வெட்டியை உடும்பன் கையில் திணித்து, மேற்கு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் மறுக்கவில்லை. ஒன்பது வளைகளை மண் குழைத்து அடைத்தான். வேகமான கை. நானே ஒரு மாதம் முயன்றாலும் அப்படி அடைக்க முடியாது. எனக்கு யாரையும் பாராட்டிப் பழக்கமில்லை. ஆனால் உண்மையை உண்மை என்று சொல்ல வேண்டும். அவன் வீட்டு வாசலிலேயே, அவன் மனைவி கேட்கும்படி சொன்னேன்: “உன்னைப் போல வேலைக்காரனை நான் பார்த்ததில்லை, உடும்பா. நல்ல மனுஷன் நீ.”

அவன் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. அவன் மனைவி ஓடிவந்து அவன் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள், வாயைப் பிளந்து நாக்கைப் பார்த்தாள், பிறகு என் காலில் விழுந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

பின்னாலேயே வேண்மாள் வந்தாள், கையில் துடுப்போடு.

“அவனுக்கு என்ன கண்டீங்க?”

“யாருக்கு?”

“உடும்பனுக்கு. அவனுக்கும் கோல் வச்சுப் பாத்தீங்களா? எத்தனை நாளு? சொல்லுங்க. அவன் பொண்டாட்டி அங்க அடிச்சுக்கிட்டு அழுவுறா.”

“அவனுக்கு ஒன்றும் இல்லை. வேலை நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.”

“ஒன்னுமில்லாதவனை எதுக்குப் புகழ்ந்தீங்க?”

துடுப்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

“உங்க ஊருல உசுரோட இருக்குறவங்களைப் புகழுவாங்களா?” என்று கேட்டாள்.

கரிப்புமுனையில் புகழ்ச்சி செத்தவர்களுக்கு மட்டும். உயிரோடு இருப்பவரிடம் குறைதான் சொல்வார்கள். குறை சொன்னால், இன்னும் உன்னால் ஆகவேண்டிய வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு குறையும் இல்லை என்றால் வேலை முடிந்தது, ஆள் முடிந்தான். பதினைந்து நாள் புகழ்வார்கள், உப்பில்லாமல் சாப்பிடுவார்கள். பதினாறாம் நாள் கடலில் விடுவார்கள்.

“நான் தெய்வம் செத்துவிட்டது என்று சொல்லவே இல்லையே.”

“வேற என்ன சொன்னீங்க? கோல் வச்சுப் பாத்தாச்சு, சந்தேகமே இல்லைன்னீங்க. அப்புறம் அவனைத் திட்டக் கூடாதுன்னீங்க. அப்புறம் புகழ்ந்தீங்க. பெரிய பள்ளியிலேருந்து வந்த ஆளு சொன்னா நாங்க என்னன்னு எடுத்துக்குறது?”

“சரி. நான் சொன்னது தவறு. இன்றைக்கே திட்ட ஆரம்பியுங்கள்.”

“செத்தவனைத் திட்டுறதா?” ஓர் அடி பின்வாங்கினாள். “அதைவிடப் பாவம் எங்க ஊருல கிடையாது.”

“அது சாகவில்லை.”

“அவனும் இந்த ஊருக்காரன்தானே, அளவுக்காரரே. ஒன்பது நாளா அவன் காதுபடச் சொல்லியாச்சு. நம்பாம இருப்பானா?”



பால்பிடி, 11

கோல்: ஆறரை. துதியை நிறுத்திவிட்டேன்.

ஊரைக் கூட்டி, நான் தவறு செய்துவிட்டேன் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை இதற்கு முன் சொன்ன ஞாபகம் இல்லை. பலன் இல்லை. இழவு வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வது வழக்கமாம், இன்னும் சாகவில்லை, மூச்சு இருக்கிறது, பாருங்கள் என்று. எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு பெண் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பள்ளிக்கு எழுதினேன். உண்மையான அளவுகளோடு, எட்டாம் தேதியுடையதையும் திருத்தி. வெளியூர் ஆளான நானே தெய்வத்தைத் திட்ட அனுமதி கேட்டேன்.

பால்பிடி, 13

கோல்: ஏழு. புதிய வளைகள் பதினொன்று. உடும்பன் அடைத்த ஒன்பதும் கரைந்துவிட்டன. மண்ணில் பிடிப்பே இல்லை.

பள்ளியின் பதில்: ‘தெய்வ நிந்தனை செய்பவரின் முத்திரை அக்கணமே அணைந்துபோம். விதிவிலக்கு இல்லை. துதியைத் தொடர்க. பயிர் பொய்த்தாலும் உம் மீது குற்றமில்லை, முறை வழுவவில்லை ஆதலால். உம் அறிக்கைகள் மிகத் தெளிவானவை, போற்றத்தக்கவை. நீர் எம் பள்ளியின் பெருமை.’

கடைசி இரண்டு வரியைப் படித்தபோது கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. கடல்காற்று. கடிதத்தை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

முத்திரை அணைந்தால் என்ன ஆகும் என்பதைத் தெளிவுக்காக எழுதுகிறேன். விதை எழுப்பும் மந்திரம், பூச்சி திருப்பும் கோடு, மழை கேட்கும் துதி, எதுவும் இனி என் வாயிலிருந்து வேலை செய்யாது. ஆறு வருடப் படிப்பு. மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

பால்பிடி, 15

கோல்: ஏழரை.

பதினாறாம் நாள் வேலை என்னவென்று இன்றுதான் கேட்டேன். நாளை மறுநாள் பௌர்ணமி. மத்தியானம் ஓதம் உச்சத்துக்கு வரும்போது வரப்பை வெட்டிவிடுவார்களாம். செத்த தெய்வத்தை மண்ணுக்குள் வைத்திருந்தால் அழுகும், ஏழு தலைமுறைக்கு இங்கே புல்லும் முளைக்காது. கடலில் விட்டுவிட்டால் என்றைக்காவது வேறொன்று வந்து குடியேறலாம். அதற்குள் இவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். படகுகளில் பானைகள் ஏற்றியாகிவிட்டது. வேண்மாள் நான் சரிசெய்த கதவைக் கழற்றிப் படகில் வைத்திருக்கிறாள்.

“இரண்டு நாள் தள்ளி வையுங்கள்” என்றேன்.

“பொணத்தை வச்சுக்கிட்டு நாள் தள்ளுவாங்களா?”

“பிணம் இல்லை என்று சொல்கிறேன்.”

“அப்ப அவன் சொல்லட்டும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பால்பிடி, 16

கோல்: எட்டு.

யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வரப்புக்குப் போனேன். உடும்பன் முதல் நாள் சொன்ன வசவுகளை இந்த நோட்டில் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன், தூங்கமூஞ்சி, வாத்துக்குப் போடுவேன், எல்லாம். ஒன்றும் நடக்கவில்லை. மண்கட்டி வரவில்லை. முத்திரைகூட அணையவில்லை. அதாவது நான் திட்டியதாகக்கூட அது எண்ணவில்லை.

கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தேன். உடும்பன் சொன்னதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என்ன இருக்கிறது அதில்? ஒரு குறை. அது அவனே கண்ணால் பார்த்த குறை. அதனால் அவனுக்கு ஆகப்போகும் நஷ்டம். கடைசியில் ஒரு வேலை: எந்திரிச்சுப் போயி அடை. வேலை இல்லாத திட்டு வெறும் சத்தம். நான் படித்தது அடுத்தவன் வயலைப் பற்றி, தீர்ந்துபோன நண்டு வளையைப் பற்றி.

எனக்கு இங்கே வயல் இல்லை. எனக்கு என்ன நஷ்டம் என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். நீளமாகப் போனதால் கிழித்துவிட்டேன்.

பால்பிடி, 17

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

காலையில் கோல் எட்டைத் தாண்டியிருந்தது. மத்தியானம் ஊர் முழுக்க வரப்பில் கூடியது. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. வேண்மாளும் உடும்பனும் இன்னும் நாலு பேரும் மேற்கு மூலையில் வெட்டினார்கள். மண் தயிர்போல வழிந்தது. நாலே வெட்டு, ஒரு முழ அகலத்துக்குத் திறந்துகொண்டது. கடல் உள்ளே நாக்கை நீட்டியது.

நான் வெட்டுக்குள் குதித்து, குறுக்கே முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். தண்ணீர் வயிறுவரை வந்தது.

“எந்திரிங்க” என்றாள் வேண்மாள்.

“மாட்டேன்.”

“வெட்டு அகலமாவப் போவுது. உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போவும்.”

“போகட்டும்.”

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தலைமுடியை அவிழ்த்தாள். மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: “நல்ல புள்ளைங்க அவரு. எந்தக் கதவு உடைஞ்சிருந்தாலும் கேக்காமலே செஞ்சு குடுத்தாரு.”

உடும்பன் தலைப்பாகையை அவிழ்த்தான். “தினமும் விடியறதுக்குள்ள கோலைத் தூக்கிட்டு வயலுக்கு வந்துடுவாரு. ஒரு நாளு தவறுனதில்ல.”

“சோத்துல உப்பில்லைன்னாலும் மிச்சம் வைக்காம சாப்புடுவாரு” என்றாள் இன்னொருத்தி.

தண்ணீர் மார்புவரை வந்தது. அறுபது வீட்டு ஜனமும் வரிசையாக உட்கார்ந்து என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் மண் ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியாகக் கழன்று போவது தெரிந்தது.

“நிறுத்துங்க” என்று கத்தினேன். “நான் இன்னும் சாகலை.”

யாரும் நிறுத்தவில்லை. இழவு வீட்டில் ஒருவர் அப்படிச் சொல்வது வழக்கம்.

அப்போதுதான் வந்தது. யோசித்து வரவில்லை.

“டேய் தூங்கா. கேக்குதாடா? உனக்கு இருநூறு வருஷமா இருக்குறது ஒரே ஒரு வேலை. தண்ணியை வெளிய வைக்கணும். அதைப் பாதியில போட்டுட்டு, எவனோ ஒருத்தன் சுருளை வச்சுப் படிச்சான்னு செத்துட்டேன்னு படுத்துக்கிட்டியா? எவன் சொன்னான் உனக்கு? அவன் யாருன்னு தெரியுமாடா? மூணு வளையம் வாங்க நாலு தடவை பரீட்சை எழுதுனவன். அளவு ஏறுனதைக் குறைச்சு எழுதுன திருட்டுப்பய. அவன் பேச்சைக் கேட்டா ஒருத்தன் சாவான்?”

மணிக்கட்டில் சுருக்கென்றது. முதல் வளையம் அணைந்தது.

“பதினோரு வளை இருக்கு மேற்கு மூலையில. நான் எண்ணுனேன். நீ என்ன புடுங்கிக்கிட்டு இருந்தே? உடும்பன் பொண்டாட்டி பதினஞ்சு நாளா உப்பில்லாம திங்கிறா உன்னால. அந்தப் பொம்பளை ஒழுங்கா இருந்த கதவைக் கழட்டிப் படகுல வச்சிருக்கா. அந்தக் கீலைச் சரிபண்ண எனக்கு அரை நாள் ஆச்சு. அரை நாள்டா. அதை மறுபடி யாரு மாட்டுறது, உங்க அப்பனா?”

இரண்டாவது அணைந்தது. தண்ணீர் தோளைத் தொட்டது.

“நான் எங்கேயும் போக முடியாது இனிமே. கேட்டுக்க. முத்திரை போச்சு, பள்ளி போச்சு, எனக்கு இருக்குறது இந்த முந்நூத்தி நாப்பது வயலும் ஒரு குச்சியும்தான். அதையும் உப்புல ஊறப் போட்டுட்டு நீ பாட்டுக்குக் கடலுக்குள்ள போயி ஹாயா படுத்துக்குவியா? எந்திரி. முதல்ல இந்த வெட்டை அடை. அப்புறம் அந்தப் பதினொன்னு. அப்புறம் கிழக்கு மதகுக்கிட்ட ஒரு கசிவு இருக்கு, அது உனக்கே தெரியும், தெரியாத மாதிரி நடிக்காதே. எந்திரிடா.”

மூன்றாவதும் அணைந்தது. கை வெறுமையாக, கழுவிய தட்டு மாதிரி இருந்தது. தண்ணீர் மோவாய்க்கு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

தொப்.

நெற்றியில். கண், மூக்கு, வாய் எல்லாம் மண். துடைப்பதற்குள் இன்னொன்று, அதே இடத்தில், இன்னும் பெரிதாக.

வரப்பில் புகழ்ச்சி நின்றது. உடும்பனின் குரல்தான் முதலில் கேட்டது, மெல்ல.

“குறி தப்பல. அவன்தான். அவன் எறியிறதுதான்.” பிறகு தலைப்பாகையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எழுந்தான். குரலும் எழுந்தது. “அடப்பாவி, பதினஞ்சு நாளா எங்களை அழ வச்சுட்டு இப்பத்தான் முழிக்கிறியா? என் வயலைப் பாருடா, மஞ்சக்காமாலை வந்த மாதிரி நிக்குது. அடைடா.”

அதற்குப் பிறகு அறுபது வீடும். யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்து எழுத முடியாது. பெண்கள் சொன்னவற்றில் பாதி எழுதக் கூடாதவை. மண்கட்டி மழைபோல விழுந்தது, எல்லோர் மேலும். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் திட்டினார்கள். என் முதுகுக்குப் பின்னால் மண் இறுகியது. மெத்தென்று அல்ல, ஓர் ஆள் தோளைக் கொடுத்துத் தள்ளுவதுபோல. என்னை வெளியே தள்ளிவிட்டு வெட்டு மூடிக்கொண்டது. ஓதம் அந்தப் பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு நின்று பார்த்துவிட்டு, இறங்கத் தொடங்கியது.

பால்பிடி, 18

கோல்: எட்டு. ஏறவில்லை. நாற்பது வயல் போய்விட்டது, அது பிழைக்காது. மற்றவை தாங்கும் என்று நினைக்கிறேன். ‘நினைக்கிறேன்’ என்று அறிக்கையில் எழுதக் கூடாது, ஆனால் இனி அறிக்கை யாருக்கு?

பள்ளிக்குக் கடைசியாக ஒரு படிவம் மட்டும் நிரப்பி அனுப்பினேன். ‘இதுவரை செய்த துதி’: பதினேழு. ‘பரிந்துரைக்கும் துதி’: இல்லை.

காலையில் வேண்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். “பொழுது எங்க வந்திருக்கு பாரு. அந்த நாப்பது வயலு உன்னால போனதுதான், ஞாபகம் வச்சுக்க. பெரிய படிப்பு படிச்சவனாம், இவனும் இவன் குச்சியும். அந்தக் கதவை யாருடா மாட்டுறது?”

மாட்டப் போனேன். அங்கேயே சாப்பாடு. சோற்றில் உப்பு இருந்தது. கொஞ்சம் அதிகம். சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை.

பால்பிடி, 19

கோல்: ஏழு. கிழக்கு மதகுக் கசிவு இன்னும் அப்படியே இருந்தது. வரப்புக்குப் போய்த் தூங்கனைக் கேட்டேன்.

முதுகில் மூன்று கட்டி.